நல்லெண்ணத்துக்கு ஓர் அபராதம்

அந்தமான் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஊர்ப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே பாதிச் சரித்திரம் தெரிந்துவிடும். கலிகட், மஞ்சேரி, திரூர், வண்டூர்: 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பிறகு கப்பலேற்றப்பட்ட மாப்பிள்ளைமார்கள் சொந்த ஊர் ஞாபகத்தில் சூட்டிய பெயர்கள். மேமியோ என்பது பர்மாவின் நினைவு. ஃபெரார்கஞ்ச், ஹம்ஃப்ரிகஞ்ச், ஆஸ்டினாபாத் என்பவை வெள்ளைக்காரப் பெயர்களுக்கு இந்துஸ்தானி வால் முளைத்ததால் வந்தவை. இந்தப் பட்டியலில் எதிலும் சேராமல் ஒரு பெயர் தனியாக நிற்கிறது: குட்வில் எஸ்டேட்.

தமிழ் வியாபாரிக்கு 'குட்வில்' என்பது அந்நியமான சொல் அல்ல. ஒரு கடை கைமாறும்போது சரக்குக்கு ஒரு விலை, மேசை நாற்காலிக்கு ஒரு விலை, இவற்றுக்கு மேல் கடை சம்பாதித்து வைத்திருக்கும் நல்ல பெயருக்கு ஒரு தொகை. அந்தக் கடைசித் தொகைதான் குட்வில். தராசில் நிறுக்க முடியாது, கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அதற்காகத்தான் பேரம் நள்ளிரவு வரை நீளும்.

இந்தச் சரக்கையே மூலதனமாகக் கொண்டு நடப்பவை சேவைச் சங்கங்கள். ரோட்டரி உறுப்பினர்கள் எந்தக் காரியத்திலும் இறங்குமுன் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு. உண்மையா, நியாயமா என்பவை முதல் இரண்டு. நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா என்பது மூன்றாவது. எல்லோருக்கும் நன்மை தருமா என்பது நான்காவது. இவை ஏதோ ஆசிரமத்தில் பிறந்த உபதேசங்கள் அல்ல. 1932-ல், திவாலாகும் நிலையிலிருந்த ஒரு அமெரிக்க அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் என்ற வியாபாரி தன் ஊழியர்களுக்காக எழுதிக் கொடுத்தவை. கம்பெனி பிழைத்தது. 1943-ல் ரோட்டரி அந்தக் கேள்விகளைத் தனதாக்கிக்கொண்டது.

ஆனால் கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் கேள்விகளைவிட அதிகம் காதில் விழுவது சிரிப்புச் சத்தம்.

போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறினாலும் சூரியன் மாறவில்லை. தீவு கிழக்கே வெகுதூரம் தள்ளியிருக்க, கடிகாரம் மட்டும் இந்திய நேரத்தில் ஓடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். சென்னையில் மாலைக் கூட்டம் என்று சொல்லப்படுவது இங்கே ராக்கூட்டம். இருட்டிய பிறகு சங்கத்தில் கூடிப் பேசுவது இந்த மாதிரி ஊர்களில் ஆடம்பரம் அல்ல, அத்தியாவசியம்.

சேவைச் சங்கக் கூட்டம் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. தலைவர் மேசைமீதுள்ள மணியை அடிப்பார். கொடி வணக்கம். போன கூட்டத்தின் அறிக்கை. விருந்தினர் அறிமுகம். இந்த மாதம் பிறந்தநாள், திருமண நாள் கொண்டாடுபவர்களுக்குக் கைதட்டல். அதன் பிறகு, பத்தாம் வகுப்பு மாணவனைப் போல எல்லோரும் சற்று நிமிர்ந்து உட்காரும் கட்டம்: அபராதம்.

தாமதமாக வந்தால் அபராதம். சட்டையில் சங்கத்தின் வில்லை இல்லையென்றால் அபராதம். கூட்டத்தின் நடுவே செல்போன் மணியடித்தால் அபராதம். பத்திரிகையில் படம் வந்தால் அபராதம். புதுக் கார் வாங்கினால் அபராதம். மாமியார் ஊருக்குப் போனதற்காகச் சந்தோஷப்பட்டால் ஓர் அபராதம், வருத்தப்படுவதாக நடித்தால் இரண்டு. குற்றத்தைக் கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம். தொகை பெரும்பாலும் பத்தோ ஐம்பதோ நூறோ. கொடுப்பவர் முகம் சுளிக்கக்கூடாது.

ரோட்டரியில் இந்த வேலையைப் பார்ப்பவர் சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ். லயன்ஸ் சங்கத்தில் இதற்கென்றே ஒரு பதவி உண்டு. அதன் பெயர் டெயில் ட்விஸ்டர், அதாவது சிங்கத்தின் வாலை முறுக்குபவர். கொடியையும் மணியையும் சங்கத்தின் மற்ற உடைமைகளையும் பாதுகாப்பவர் லயன் டேமர், சிங்கத்தை அடக்குபவர். காட்டில் சிங்கமோ புலியோ இல்லாத தீவு அந்தமான். லயன்ஸ் சங்கத்தார் இங்கே கூடினால், தீவின் சிங்கங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்று அர்த்தம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விளையாட்டுக்கும் எழுதப்பட்ட விதிகள் உண்டு. அபராதத்தின் உச்சவரம்பை சங்கத்தின் நிர்வாகக் குழு நிர்ணயிக்கும். ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் அபராதம் போடக்கூடாது. வசூலான பணத்தை உடனே பொருளாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வால் முறுக்குபவரின் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. அவருக்கே அபராதம் போட வேண்டுமானால், வந்திருக்கும் அத்தனை பேரும் ஒரு மனதாகச் சம்மதிக்க வேண்டும். நமது சட்டமன்றங்களில்கூட இவ்வளவு தெளிவான விதிகளை இவ்வளவு சிரித்துக்கொண்டே கடைப்பிடிப்பதில்லை.

இந்தக் கேலிக்கூத்து எதற்கு? போர்ட் பிளேர் போன்ற ஊரில் அதற்கான பதில் எளிதாகக் கிடைக்கிறது.

இங்கே யாருக்கும் மற்றவர் பூர்வீகம் தெரியாது. 1858-ல் கைதிகள் குடியேற்றமாகத் தொடங்கிய ஊர் இது. அடுத்தடுத்து வந்தவர்கள் வெவ்வேறு கரைகளிலிருந்து வந்தார்கள். 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள், ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு அழைத்து வரப்பட்ட தொழிலாளர்கள், சென்னையிலிருந்து கப்பலேறிய வியாபாரிகள், மாற்றலாகி வந்த அரசு ஊழியர்கள். சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளின் மக்கள்தொகை சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம். இதில் வங்காளம் பேசுவோர் சுமார் 28 சதவீதம், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, மலையாளமும் நிக்கோபாரியும் தலா 7 சதவீதத்தைச் சற்றே தாண்டும்.

ஆளுக்கொரு சங்கம் வைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. தமிழர்களுக்கு அந்தமான் தமிழர் சங்கம், மலையாளிகளுக்குக் கேரள சமாஜம், தெலுங்கர்களுக்கு ஆந்திரா அசோசியேஷன், வங்காளிகளுக்கு அதுல் ஸ்மிருதி சமிதி. கைதிகளின் சந்ததியினருக்கு லோக்கல் பார்ன் அசோசியேஷன். பொங்கலும் ஓணமும் துர்கா பூஜையும் அந்தந்த வாசலில் களை கட்டும். பக்கத்து வாசலுக்கு அழைப்பும் போகும்.

ஆனால் அழைப்பின் பேரில் போவது வேறு, உறுப்பினராக உட்காருவது வேறு. மொழியைக் கேட்காமல் தொழிலை மட்டும் கேட்டு நாற்காலி போடும் இடம் சேவைச் சங்கம். மருந்துக்கடைக்காரர், கப்பல் ஏஜென்ட், டாக்டர், வக்கீல், ஓட்டல் முதலாளி என்று ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் பொதுமொழி தீவின் இந்திதான். அதில் இலக்கணத்தை யாரும் தேடமாட்டார்கள். அபராதம் அங்கேதான் வேலை செய்கிறது. பகலில் ஒருவர் மற்றவருக்கு 'சார்'. ஒருவர் கையெழுத்துக்காக மற்றவர் காத்திருந்திருப்பார். ராத்திரி அதே 'சார்' பத்து ரூபாய் அபராதம் கட்டிவிட்டு அசட்டுச் சிரிப்போடு உட்காரும்போது மேசையின் உயரம் எல்லோருக்கும் ஒன்றாகிவிடுகிறது. அதற்கப்புறம் ரத்த தானத்துக்கு ஆள் வேண்டும் என்று கேட்பது சுலபம்.

தொடக்கமும் அப்படித்தான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு கூடியபோது சேவை அவர் மனதில் இல்லை. பெரிய நகரத்தில் தனிமை. பேச ஆள் வேண்டும், கொஞ்சம் வியாபாரமும் நடக்க வேண்டும். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறை வைத்துக் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. ஒருவரையொருவர் பட்டம் இல்லாமல் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டும் என்பது ஆரம்பகால வழக்கம். ஹாரி ரகிள்ஸ் என்ற அச்சகக்காரர் கூட்டத்தில் எல்லோரையும் பாட வைத்தார். சிரிப்பும் பாட்டும் முதலில் வந்தன. சேவை பின்னால்தான் வந்தது. அந்த முதல் சேவையும் கம்பீரமானதல்ல. சிகாகோ நகரில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று 1907-ல் தொடங்கிய முயற்சி அது.

சிகாகோவில் பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டில் அதே சங்கம் ஒரு புதுப் பட்டத்தைக் கொடுத்தது. கல்யாணப் பத்திரிகையில் 'ரொட்டேரியன்', 'லயன்' என்று பெயருக்கு முன்னால் போட்டு, பின்னால் எம்.ஜே.எஃப். என்று எழுத்துகளைத் தொங்கவிடுவது இங்கே மட்டுமே காணக்கூடிய அழகு. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஒரே ஒரு வாழைப்பழம் கொடுக்கும் படத்தில் பழத்தைப் பிடித்துக்கொண்டு பத்துக் கைகள் இருக்கும் என்ற ஜோக் வெளியாள் சொன்னதல்ல. சங்கக் கூட்டங்களிலேயே சொல்லிச் சிரிக்கப்படுவது. அதே நேரம், ஊர் எல்லையில் சக்கரம் பொறித்த வரவேற்புப் பலகையும், பஸ் நிறுத்தத்தின் நிழற்குடையும், கண் சிகிச்சை முகாமும், பல ஊர்களில் எரிவாயு மயானமும் இந்தச் சங்கங்கள் தந்தவை. கழிப்பறையில் தொடங்கியது சுடுகாடு வரை வந்திருக்கிறது. இடையிலுள்ள மனித வாழ்க்கையில் அவை தொடாத இடம் குறைவு.

இந்தியாவில் முதல் ரோட்டரி சங்கம் 1920-ல் கல்கத்தாவில் பட்டயம் பெற்றது. சென்னைக்கு 1929-ல் வந்தது. போர்ட் பிளேரிலும் இன்று ரோட்டரி இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து கடல் வழியில் சுமார் 1,255 கிலோமீட்டர், சென்னையிலிருந்து 1,190. கப்பலில் ஏறினால் ஏறத்தாழ மூன்று நாள். ஆனால் அந்தமானுக்குக் கிளப் என்ற பழக்கம் இந்தச் சங்கங்களுக்கு வெகு முன்பே வந்துவிட்டது. அதைப் பார்க்க அபர்தீன் துறையிலிருந்து படகில் சில நிமிடம் போனால் போதும்.

ராஸ் தீவு. 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இந்தத் துண்டு நிலத்தில்தான் 1858 முதல் 1941 வரை ஆங்கிலேய நிர்வாகத்தின் தலைமையகம் இருந்தது. தேவாலயம், ரொட்டி அடுப்பு, அச்சகம், டென்னிஸ் மைதானம், நீச்சல் குளம், எல்லாம் இருந்தன. கூடவே கிளப்பும் இருந்தது. நடனமாட மரத்தளம் போட்ட கிளப். இன்று கூரை போய்விட்டது. ஆலமரத்தின் வேர்கள் சுவரைப் பாம்பு மாதிரி சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. புள்ளிமான்கள் பயமில்லாமல் நடமாடுகின்றன.

அந்த இடிபாட்டிலிருந்து தண்ணீருக்கு அப்பால் பார்த்தால் செல்லுலார் சிறை. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட சுமார் 700 கொட்டடிகள். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாதபடி திட்டமிட்ட ஏழு கைகள், மிஞ்சியிருப்பவை மூன்று. இக்கரையில் ஆட்டம், அக்கரையில் செக்கு. ராஸ் கிளப்பிலும் வேடிக்கை இருந்திருக்கும். பந்தயம், கேலி, நகைப்பு எதற்கும் குறைவிருக்காது. குறை வேறொன்று: மேசையைச் சுற்றி யாரெல்லாம் உட்காரலாம் என்பதை நிறமும் பதவியும் தீர்மானித்தன. 1941 ஜூன் நிலநடுக்கம் தீவை உலுக்கியது. மறு ஆண்டு மார்ச்சில் ஜப்பானியர்கள் வந்து இறங்கினார்கள். கிளப் காலி. சுற்றியிருந்த ஊரில் அதற்காக அழுதவர்கள் அதிகம் இருந்திருக்க முடியாது.

ஒதுங்கிச் சிரிப்பது ஒரு விபத்து என்றால், தூரத்திலிருந்து இரங்குவது இன்னொரு விபத்து. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி இந்தத் தீவுகளை அடித்தபோது நிக்கோபார் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கார் நிக்கோபாரும் கச்சாலும் மிக மோசமாக அடிபட்டன. நாடெங்கும் நல்லெண்ணம் பெருக்கெடுத்தது. கப்பல் கப்பலாகப் பொருள்கள் வந்தன. வந்தவற்றில் கம்பளிப் போர்வைகளும் இருந்தன, பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலுள்ள தீவுகளுக்கு! தற்காலிகக் குடியிருப்புகளைத் தகரத்தில் போட்டார்கள். வெயிலில் அவை அடுப்பாகக் கொதித்தன. நிக்கோபார் மக்கள் 'துஹெத்' என்ற பெரிய கூட்டுக் குடும்பமாக வாழ்பவர்கள். தென்னந்தோப்பும் பன்றியும் அந்தக் குடும்பத்தின் பொதுச் சொத்து. நிவாரணமோ கணவன், மனைவி, பிள்ளைகள் என்று சிறு குடும்பமாகக் கணக்கிட்டு வழங்கப்பட்டது. அலை உடைக்காத உறவுகளில் சிலவற்றைக் காசோலை உடைத்தது என்று அந்தத் தீவுகளை நெடுநாள் ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் சங்கடம். நான்கு கேள்விகளில் நல்லெண்ணம் மூன்றாவதாகத்தான் வருகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பின்னாலும் ஒரு கேள்வி இருக்கிறது: எல்லோருக்கும் நன்மையா? வாங்கிக்கொள்பவரை மேசைக்கு அழைக்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது.

அழைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் நோய் நிபுணர் டி. ஜேக்கப் ஜான் போலியோவைப் பற்றி ஒரு கசப்பான உண்மையைக் கண்டார். மேலைநாடுகளில் மூன்று தவணை சொட்டு மருந்து போதுமானதாக இருந்தது. நம் ஊர்க் குழந்தைகளுக்குப் போதவில்லை. அதிகத் தவணைகள் வேண்டும். அவற்றையும் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால், நோய்க் கிருமிக்கு ஒண்ட இடமில்லாமல் போகும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் ஊரின் குழந்தைகளையெல்லாம் ஒரே நாளில் திரட்ட ஒரு டாக்டரால் முடியுமா?

முடியாது. ஊரில் தெருத்தெருவாக ஆட்களைத் தெரிந்தவர்கள் வேண்டும். பந்தல் போடுபவரைத் தெரிந்தவர், ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு செய்யக்கூடியவர், வண்டி கொடுப்பவர், தாய்மார்களிடம் பேசிச் சம்மதிக்க வைப்பவர் என்று ஒரு படையே வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் வேலூர் ரோட்டரி சங்கம் தோள் கொடுத்தது. வாராவாரம் கூடிச் சிரித்துப் பழகிய வியாபாரிகளும் வக்கீல்களும் அன்றைக்குச் சொட்டு மருந்து முகாம்களின் தொண்டர்கள் ஆனார்கள். வேலூர் நகரில் போலியோ அடங்கியது. 1985-ல் ரோட்டரி உலகமெங்கும் போலியோ ஒழிப்பில் இறங்கியது. 1995-ல் பல்ஸ் போலியோ நாடு தழுவிய திட்டமானது. நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது.

வேலூரில் தெருவென்றால் அந்தமானில் கடல். சொட்டு மருந்து 2 முதல் 8 டிகிரி குளிருக்குள் இருக்க வேண்டும். கடைசிக் குழந்தையோ படகுக்கு அப்பால் இருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் பெரும்பாலோர் எந்தச் சங்கத்திலும் இல்லாத செவிலியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள். அவர்களுக்கு வில்லையும் கிடையாது, பெயருக்கு முன்னால் பட்டமும் கிடையாது. எந்த சங்கக் கூட்டத்திலும் அபராதத்துக்கு உரிய குற்றம் ஒன்று உண்டென்றால், அவர்களை மறந்துவிட்டு மாலை போட்டுக்கொள்வதுதான்.

சேவைச் சங்கங்கள் அந்த வகை அபராதத்தையும் கட்டி வந்திருக்கின்றன. ரோட்டரியில் பெண்கள் வெகுகாலம் உறுப்பினர்களின் மனைவிகளாக மட்டுமே வந்துபோனார்கள். அவர்களை 'ஆன்' என்று அழைப்பது வழக்கம். 1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, 1989-ல்தான் உலகெங்கும் கதவு திறந்தது. ஜெனிஃபர் ஜோன்ஸ் என்ற கனடியப் பெண் சர்வதேசத் தலைவரானது 2022-ல். நூறு வருடத்துக்கு மேல் சங்கம் கட்டத் தவறிய அபராதம் என்று அதைச் சொல்லலாம். மேசையில் ஒரு நாற்காலி கூடும்போதெல்லாம் ஜோக்குகள் மாறுகின்றன. மாமியார் ஜோக்குக்கு முன்பு கிடைத்த கைதட்டல் இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. வால் முறுக்குபவராக ஒரு பெண்மணி எழுந்து நிற்கும் கூட்டத்தில் சிங்கங்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே கர்ஜிக்கின்றன.

கூட்டம் முடிவதற்கு அடையாளமாகத் தலைவர் மறுபடி மணியடிப்பார். தேசிய கீதம். சாப்பாடு. வெளியே தீவின் இருட்டு நன்றாக ஏறியிருக்கும். அபராதப் பெட்டியில் சில்லறையும் நோட்டுமாகச் சில நூறு ரூபாய். அடுத்த வாரம் அதே ஆள் அதே குற்றத்தைச் செய்துவிட்டு வருவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

வரைபடத்தில் குட்வில் எஸ்டேட் ஒரு புள்ளி. அந்தப் பெயரிலுள்ள நல்லெண்ணத்தை மட்டும் யாரும் பட்டா போட்டு வாங்கிவிட முடியாது. ராஸ் தீவில் அதை முயன்றவர்களின் சுவரை ஆலமரம் வாங்கிக்கொண்டது. நல்லெண்ணத்துக்குக் குடியிருப்பு உரிமை மட்டும்தான். வாடகையை வாராவாரம் கட்ட வேண்டும். சிரித்துக்கொண்டே கட்டும் அந்தப் பத்து ரூபாய் அபராதம், ஒருவேளை, அந்த வாடகைதான்.